ராசியில்லாத மாமா

— யாரது, கதவை உடைக்கிறது? வர்றேன், வர்றேன்! சத்தத்துல கை நழுவி ஊசியே விரல்ல ஏறிருக்கும். டேய் தம்பி, நீயா? மணின்னு ஒண்ணு எதுக்குடா வெச்சிருக்கு வாசல்ல?

— மாமா எங்கக்கா?

— முதல்ல மூச்சு வாங்கு. மூணு மாடியும் ஓடியா வந்தே?

— லிஃப்ட்டுக்கு நிக்கப் பொறுமை இல்ல. மாமா எங்கன்னு கேக்கறேன்.

— அடுப்படியில. தொட்டிக்கு அடியில ரெண்டு கால் தெரியுது பாரு, அதான் உங்க மாமா. ஆறு மாசமா ஒழுகற குழாய்க்கு இன்னைக்குத்தான் விடிஞ்சிருக்கு. ஊர்க் குழாயெல்லாம் இவர் அடைப்பார், நம்ம வீட்டுல வாளி வெச்சுப் பிடிப்போம்.

— மாமா! வெளிய வாங்க.

— பொறு மாப்ள, பொறு. மரை இப்பத்தான் பிடிச்சிருக்கு. விட்டேன்னா உங்க அக்காவுக்கு அடுப்படியிலேயே குளியல்.

— நேத்து எங்க இருந்தீங்க?

— நேத்து எப்போ?

— எப்போவாம்! ஊரே எழவு வீடு மாதிரி கிடக்கு, எப்போன்னு கேக்கறார் பாருக்கா. நேத்து கடைசி ஆட்டம் நடந்தப்போ! வருஷம் பூரா ஒரு ஆட்டம் தோக்காத நம்ம நீலச்சட்டை, ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருக்கறப்போ மூணு கோல் வாங்கி, கோப்பையைத் தூக்கி மஞ்சச்சட்டைக்குத் தாரை வாத்துச்சே, அப்போ நீங்க எங்க இருந்தீங்க?

— மைதானத்துல இல்ல.

— அது நீங்க சொல்றது.

— ஏன், நீ என்னைப் பாத்தியா?

— பாக்கல.

— வேற யாராச்சும் பாத்தாங்களா?

— இல்ல.

— அப்புறம் என்ன மாப்ள ஆதாரம்?

— தோத்துட்டோம்ல? அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

— டேய், குரலைக் குறைச்சுப் பேசு. பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது. முதல்ல உக்காரு.

— உக்கார மாட்டேன்.

— நேத்து ராத்திரி ஃபோன்ல உன் குரலைக் கேட்டப்பவே நினைச்சேன். தூங்கலையா?

— எங்கே தூங்கறது? காலையில டூட்டிக்குப் போனா, முதல் ஸ்டாப்புல ஏறினவன்ல இருந்து கடைசி ஸ்டாப்புல இறங்கினவன் வரைக்கும் ஒரே கேள்வி. "என்ன கண்டக்டர், வாயில வெச்ச சோறு நழுவிடுச்சே?" விசில் ஊதவே தெம்பு இல்லக்கா. டிரைவர் அண்ணன் ரெண்டு ஸ்டாப்பைத் தாண்டிப் போய்ட்டார். ஜனங்க கத்தவே இல்ல. அவங்களுக்கும் அதே துக்கம்.

— அதுக்கு இவர் என்னடா பண்ணுவார்?

— என்ன பண்ணுவாரா? நீ மறந்துட்டியா? போன வருஷத்தை மறந்துட்டியா? மூணு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து பாத்தோம். நீ நடுவுல, நான் இந்தப் பக்கம், மாமா அந்தப் பக்கம். ஜெயிச்சாங்களா நம்ம ஆளுங்க? ஒவ்வொரு ஆட்டமும் அடி. கீழ் பிரிவுக்கு இறங்கிப் போற நிலைமை. கடைசி ஆட்டத்தன்னைக்கு மாமாவுக்குக் காய்ச்சல். வீட்டுல படுத்துட்டார். என்ன ஆச்சு? நாலு கோல் போட்டோம். நாலு! தப்பிச்சோம்.

— அந்த வாரம் புது கோல்கீப்பர் வந்தான் மாப்ள.

— கோல்கீப்பரா நாலு கோல் போட்டான்?

— அதுவும் சரிதான்.

— அன்னைக்குத்தானே முடிவு பண்ணினோம். மாமா இந்த வருஷம் மைதானத்துப் பக்கமே வரக்கூடாது. வந்தா ராசியில்ல. நீங்களும் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டீங்க. உங்க நாற்காலியில எங்க டிரைவர் அண்ணனை உக்கார வெச்சேன். ஜெயிச்சோமா இல்லையா? ஒண்ணு மாத்தி ஒண்ணு, ஒண்ணு மாத்தி ஒண்ணு, கண்ணு படற மாதிரி ஜெயிச்சோம். நேத்து மட்டும் தோத்தா அதுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

— நான் வந்திருக்கணும்.

— ரைட்டு! அவரே சொல்லிட்டார்.

— உன் கணக்கைச் சொன்னேன் மாப்ள, ஒத்துக்கல. ஏம்மா, அந்தச் சின்ன ஸ்பானரை எடுத்துக் குடு. அது இல்ல, அது உன் கத்தரி. ம், அதான்.

— டேய் தம்பி, நேத்து காலையில நீதானே ஃபோன் பண்ணி, "அக்கா, மாமா மனசு மாறி வந்துடப் போறார், எதுக்கும் ஒரு சத்தியம் வாங்கி வை"ன்னு சொன்னே?

— சொன்னேன்.

— வாங்கினேன். என் தலையில கை வெச்சு, "இன்னைக்கு அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்"னு சொன்னார். பொண்டாட்டி தலைடா. அதுல பொய்ச் சத்தியம் பண்ற ஆளா இவர்?

— கால்பந்துன்னு வந்துட்டா தலை என்ன, வால் என்ன?

— என் தலை உனக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சா?

— அக்கா, நான் உன் தலையைச் சொல்லல. ஆட்டத்தைச் சொன்னேன். ரைட்டு, விடு. மாமா, ஒரே ஒரு சாட்சி சொல்லுங்க. ஆட்டம் நடந்த நேரத்துல உங்களைப் பாத்த ஆள் யாராச்சும் உண்டா?

— கீழ் வீட்டு வாத்தியார். அவர் வீட்டுக் குளியலறையில சுவத்துக்குள்ள போற பைப் வெடிச்சிருந்துச்சு. போன வாரமே கூப்பிட்டார். வேணும்னே நேத்து மத்தியானத்துக்குத் தள்ளி வெச்சேன். கையில வேலை இருந்தா கால் அங்க இழுக்காதுன்னு ஒரு நினைப்பு.

— வாத்தியார் நம்பர் குடுங்க.

— ஏண்டா, நிஜமாவே கேக்கப் போறியா? மானம் போகுதுடா.

— போன கோப்பையை விடவா மானம் பெருசு? குடுங்க மாமா. ரைட்டு... ஹலோ, வாத்தியாரே, வணக்கம். மேல் வீட்டு மச்சினன் பேசறேன். கண்டக்டர். ஆமா ஆமா, தோத்துட்டோம். ஆமா சார், அந்த மொட்டைப் பயலை எதுக்கு இறக்கினாங்கன்னு எனக்கும் புரியல. அதில்ல சார், நேத்து ஆட்டம் நடந்தப்போ எங்க மாமா உங்க வீட்டுலயா இருந்தார்? எப்போ வந்தார்? எப்போ போனார்? நடுவுல எங்கேயாச்சும்... சிமென்ட் வாங்கக்கூடப் போகலையா? என்னது? ரேடியோவை அணைக்கச் சொன்னாரா? உங்க வீட்டு ரேடியோவையா? ஓ... இல்ல சார், கோபப்படாதீங்க, அவர் சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். சரி சார். ஆமா சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம். வெச்சிடறேன்.

— என்ன சொன்னார்?

— ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே வந்தாராம். எல்லாம் முடிஞ்சு இருட்டின அப்புறம்தான் போனாராம். ரேடியோவைப் போட்டா வேலை செய்ய மாட்டேன்னு இவர் சொல்ல, வாத்தியார் பாவம், மாடிக்குப் போய்க் காதுல ஒத்தி வெச்சுக் கேட்டிருக்கார்.

— திருப்தியா? என் தலை தப்பிச்சுதா?

— தப்பிச்சுது. ஆனா எனக்குத்தான் இன்னும் தலை சுத்துது. மாமா வரல. அப்புறம் எப்படி தோத்தோம்?

— அவங்க மூணு கோல் போட்டாங்க, நாம ஒண்ணு போட்டோம். அப்படித்தான் தோத்தோம்.

— அக்கா, நீ தையல்காரி. துணி கிழிஞ்சா எங்க கிழிஞ்சதுன்னு பாக்க மாட்டியா? நான் எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்துட்டேன். அதே வாசல் வழியாத்தான் உள்ள போனோம். அதே படியில இடது காலை வெச்சேன். அதே காலுறை.

— அந்தக் காலுறையைப் பத்திப் பேசாதே.

— வருஷம் பூரா துவைக்காம காப்பாத்தினேன்.

— அதான் உன் முன் வரிசையில எவனும் உக்காரல. நான் என்னவோ சீட்டு விக்கலைன்னு நினைச்சேன்.

— நீ சிரி. ஏன்க்கா, நீ தலையில புதுசா ஏதாச்சும் போட்டிருந்தியா நேத்து?

— இல்லடா.

— டீ குடிச்சியா இடைவேளையில?

— குடிச்சேன். எப்பவும் குடிக்கறதுதான்.

— சர்க்கரை?

— டேய்!

— ஹார்ன் சத்தம் கேக்குதே. கீழ யாரு மாப்ள?

— டிரைவர் அண்ணன். வண்டியில காத்துக்கிட்டிருக்கார். கால்பந்துச் சங்க ஆபீஸை சாயங்காலம் பூட்டிடுவாங்க. அதான் விஷயம் மாமா. அதுக்கும் சேத்துத்தான் வந்தேன். அடுத்த வருஷத்துக்கு மைதானத்து நாற்காலியைப் பேர் மாத்தறதுன்னா இன்னைக்கே சொல்லணுமாம். உங்க நாற்காலியை அண்ணன் பேருக்கே நிரந்தரமா மாத்திடலாம்னு...

— நிரந்தரமாவா?

— ஒரு தடவை மாத்தினா அவ்வளவுதான், திரும்பத் தர மாட்டாங்க. வரிசையில எத்தனை பேர் நிக்கறாங்க தெரியுமா இப்ப? அதனால நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடணும். ஃபோன்ல சொன்னாக்கூடப் போதுமாம்.

— இப்பத்தானேடா அவர் வரலைன்னு ருசுவாச்சு! அவர் வராமலே தோத்துட்டோம். அப்புறம் என்ன ராசி, என்ன மண்ணாங்கட்டி?

— அவர் வராம ஜெயிச்சதும் ருசுவாகியிருக்கேக்கா, வருஷம் பூரா! ஒரு நாள் பஸ் பஞ்சர் ஆச்சுன்னா டிரைவரையா மாத்துவோம்?

— அந்த டிரைவர் பேச்சை எடுக்காதே. பக்கத்துல உக்காந்து பாத்தியா நீ அவரை? நான் பாத்தேன். எதிரணி பந்தை எடுத்துக்கிட்டு வந்தாப் போதும், வலது காலால தரையை ஓங்கி மிதிக்கிறார். பிரேக் போடறாராம்! கார்னர் அடிச்சா ஸ்டியரிங்கைத் திருப்பற மாதிரி முழங்கையால என் விலாவுல ஒரு இடி. வருஷம் முடிஞ்சப்போ இந்தப் பக்கம் பூரா கன்னிப்போச்சு.

— ஆனா கோல் விழலையே!

— பிரேக் பிடிச்சதாலயா?

— யார் கண்டது?

— ஏம்மா, அவர் நல்ல மனுஷன்தான். மழை வந்தா குடையை உன் பக்கம் சாய்ச்சுப் பிடிப்பார்.

— பிடிப்பார். யார் இல்லைன்னா? நல்ல மனுஷன்தான். நான் கேக்கறது வேற. தம்பி, அந்த ஹார்னைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிட்டு இப்படி உக்காரு. ஒரே ஒரு கேள்வி. நேத்து வர்ற வழியில ஒரு பொண்ணு மைக்கை நீட்டிக் கேட்டா. "இந்த வருஷத்தை சந்தோஷமா அனுபவிச்சீங்களா?"ன்னு. எல்லாரும் தோத்த கோபத்துல தள்ளிட்டுப் போய்ட்டாங்க. எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே நிக்குது. நீ சொல்லு. அனுபவிச்சியா?

— இதென்னக்கா கேள்வி? வருஷம் பூரா ஜெயிச்சோம்.

— ஜெயிச்சியான்னு கேக்கல. அனுபவிச்சியா?

— அண்ணே! ஒரு அஞ்சு நிமிஷம்! ஹார்ன் அடிக்காதீங்க, குழந்தை தூங்குதாம்! ... என்னக்கா கேட்டே? அனுபவிச்சேன். ஏன் அனுபவிக்காம?

— எப்போ?

— எப்போன்னா... அந்த அஞ்சு கோல் போட்ட ஆட்டம்.

— அன்னைக்கு நீ நாலாவது கோலுக்கு அப்புறம் எழுந்து வெளிய போய்ட்டே. "ரொம்பப் போடறாங்க, அடுத்த ஆட்டத்துக்கு மிச்சம் இருக்காது"ன்னு புலம்பிக்கிட்டே போனே.

— அது ஒரு பயம்.

— பச்சைச்சட்டையோட ஆடினப்போ?

— அன்னைக்கு நம்ம டீம் நெட்டையன் நொண்டினான். அதையே பாத்துக்கிட்டிருந்தேன்.

— ஜெயிச்ச அன்னைக்கு ராத்திரியெல்லாம்?

— அடுத்த ஆட்டத்தை நினைச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன். ரைட்டு, என்ன சொல்ல வர்றே? உண்மையைச் சொல்லணும்னா போன வருஷம் நல்லாத் தூங்கினேன். தோத்துட்டு வருவோம், மூணு பேரும் நடந்தே வருவோம், வழி பூரா அந்த மொட்டைப் பயலைத் திட்டுவோம். மாமா அவன் ஓடற மாதிரி ஓடிக் காட்டுவார், வாளியில தண்ணி தளும்பற மாதிரி. நீ ரோட்டுலயே உக்காந்து சிரிப்பே. வீட்டுக்கு வந்து படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். இழக்கறதுக்கு என்ன இருந்துச்சு அப்போ? இந்த வருஷம் பாயிண்ட் ஏற ஏற நெஞ்சுல கல்லு ஏறுச்சு. எங்க விழுந்துடுமோ, எங்க விழுந்துடுமோன்னு. நேத்து விழுந்துடுச்சு. ஒண்ணு சொல்லட்டுமா? மூணாவது கோல் விழுந்தப்போ ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அப்பாடான்னு இருந்துச்சு. வெளிய சொல்லிடாதே. அடிப்பாங்க.

— அப்போ நீயும் அனுபவிக்கல.

— நீயும்னா? நீதான் கோலுக்குக் கோல் குதிச்சியே!

— குதிச்சேன். பழக்கதோஷம்டா. பந்து வலைக்குள்ள போனா எனக்குக் கழுத்து தானா அந்தப் பக்கம் திரும்பும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். அங்க இவர் மூஞ்சி இருக்கும். ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, வாயைத் திறந்துக்கிட்டு, பல்லெல்லாம் தெரிய, லூசு மாதிரி. அதைப் பாத்தாத்தான் எனக்குக் கோல் விழுந்த மாதிரி. இந்த வருஷம் திரும்பினா டிரைவர் மூஞ்சி. பாதி சந்தோஷத்துல அப்படியே நின்னுடும். நூல் அறுந்த மெஷின் மாதிரி. ஓடும், தைக்காது.

— ஏன்க்கா இதை முன்னாலயே சொல்லல?

— ஜெயிச்சுக்கிட்டிருந்தோமே. நான் வாயைத் திறந்து, அடுத்த ஆட்டம் தோத்தா? என் தலையை உருட்டியிருப்பே. எனக்கும் பயம்தான்டா. நேத்து நானே உக்கார வெச்சு சத்தியம் வாங்கினேனே. உனக்காகன்னா நினைச்சே? நானும் நம்பிட்டேன்.

— ரைட்டு. அப்போ இந்த வருஷம் யாருமே அனுபவிக்கல. கோப்பையும் இல்ல, சந்தோஷமும் இல்ல. டிக்கெட் வாங்கிட்டு படியில தொங்கின கதை.

— நான் அனுபவிச்சேன் மாப்ள.

— நீங்களா?

— ம். இந்தா, ஒழுகல் நின்னுடுச்சு. ஏம்மா, வாளியை எடுத்துடலாம். துண்டு குடு, கை துடைக்கணும்.

— ஒரு ஆட்டம்கூடப் பாக்காம என்னத்தை அனுபவிச்சீங்க?

— நல்ல வருஷம் மாப்ள. நம்ம பசங்க இவ்வளவு அழகா ஆடி நான் பாத்ததில்ல. அந்தப் பதினோராம் நம்பர் பையன் இருக்கானே, பந்தை வாங்கறப்போ ஒரு தடவை தோளுக்குப் பின்னால திரும்பிப் பாப்பான். அப்பவே அவனுக்கு எல்லாம் தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் பாக்கவே மாட்டான்.

— பேப்பர்ல படிச்சுட்டுப் பேசாதீங்க மாமா. எரியற வயித்துல எண்ணெய். டிரைவர் அண்ணன் திரும்ப ஹார்ன் அடிக்கிறார் பாருங்க. சொல்லிடுங்க, நாற்காலியை மாத்திக்கட்டும்னு. நம்பர் போட்டுக் குடுக்கறேன்.

— பொறு. அந்த நாற்காலி எனக்கு வேணும்.

— வேணுமா? நாலு பேர் நல்லதுக்கு ஒரு மனுஷன் ஒதுங்கி இருக்கக்கூடாதா?

— ஒதுங்கி இருந்து பாத்தாச்சு. உங்க அக்கா பக்கத்துல உக்காரணும். அவ இப்படி அழுது ஆட்டம் பாக்கறதை இன்னொரு வருஷம் என்னால பாக்க முடியாது.

— அக்கா எங்கே அழுதா?

— அழுதா. மழை பேஞ்ச ஆட்டம். நெட்டையன் தலையால முட்டிக் கோல் போட்டான். எல்லாரும் குதிச்சீங்க. இவ குதிச்சா, அந்தப் பக்கம் திரும்பினா. டிரைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டிருந்தார். இவ அப்படியே குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி பண்ணினா. நிமிர ரொம்ப நேரம் ஆச்சு. நிமிர்ந்தப்போ முந்தானையால மூஞ்சியைத் துடைச்சா. மழைத் தண்ணின்னு நினைச்சுப்பாங்கன்னு.

— என்னங்க... அது எப்படி உங்களுக்கு...

— ஒரு நிமிஷம். அக்கா, நான் உன் பக்கத்துலதானே இருந்தேன்? எனக்கே தெரியாதே இது.

— யாருக்கும் தெரியாதுடா. நான் யார்கிட்டயும் சொல்லல.

— ரேடியோவுல செருப்பு வாரைப் பத்தியெல்லாம் சொல்ல மாட்டாங்களே.

— மாட்டாங்க மாப்ள.

— என்னங்க, ஆட்டம் அன்னைக்கெல்லாம் வேலை இருக்குன்னு ஸ்பானர் பையைத் தூக்கிக்கிட்டுப் போவீங்களே? ஒரு நாள் நனைஞ்சுக்கிட்டுக்கூட வந்தீங்களே?

— அன்னைக்கு மழைம்மா. நீயும்தானே நனைஞ்சே.

— மாமா, எங்க இருந்து பாத்தீங்க? எங்க பக்கத்துல எல்லாரும் உங்களுக்குத் தெரிஞ்ச மூஞ்சி. ஒருத்தன் கண்ணுல பட்டிருந்தாக்கூட எனக்குச் சேதி வந்திருக்கும்.

— உங்க பக்கம் வரக்கூடாதுன்னுதானே சொன்னே? எதிர்ப்பக்கம் போனேன்.

— எதிர்ப்பக்கமா? எதிரணிக்காரங்க நடுவுலயா?

— நேரெதிரே மேல் வரிசை. அங்க இருந்து பாத்தா உங்க அக்கா மூஞ்சி நல்லாத் தெரியும். உன் மூஞ்சியும் தெரியும், நகத்தைக் கடிச்சுக்கிட்டே இருப்பே.

— அங்க உக்காந்துக்கிட்டு நாம கோல் போட்டா என்ன பண்ணுவீங்க?

— என்ன பண்றது? குதிச்சா உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. தலையில கை வெச்சுக் குனிஞ்சுடுவேன். சிரிப்பு வெளிய தெரியக்கூடாதே. ஒரு தடவை பக்கத்துல இருந்த பெரியவர் நான் அழறேன்னு நினைச்சுட்டார். முதுகைத் தடவிக் குடுத்து, "விடு தம்பி, அடுத்த வாரம் பாத்துக்கலாம், நமக்கும் ஒரு காலம் வரும்"னார். தண்ணி பாட்டிலைக் குடுத்தார். நானும் குடிச்சேன்.

— கடவுளே. நம்ம வீட்டு மனுஷன் எதிரி கையால தண்ணி குடிச்சிருக்கார்!

— சும்மா இருடா. என்னங்க, நான் அழுதப்போ நீங்க அங்க... ஒரு வார்த்தை வீட்டுலயாவது சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா நீ வரவிட்டிருப்பியா? ஜெயிச்சுக்கிட்டிருந்தோமேம்மா.

— அக்கா, நீ உருகாதே, தள்ளு. இப்ப எல்லாம் புரிஞ்சுபோச்சு. மாட்டினீங்க மாமா! வீட்டுல இருக்கேன்னு சொல்லிட்டு மைதானத்துக்கு வந்திருக்கீங்க. ராசி கெட்டது அங்கதான்! அதான் வருஷம் பூரா சேத்தது நேத்து கவுந்துச்சு! சொல்லுங்க, எத்தனை ஆட்டத்துக்கு இப்படி ஒளிஞ்சு வந்தீங்க? ஒண்ணா, ரெண்டா?

— எல்லா ஆட்டத்துக்கும் மாப்ள. நேத்து ஒண்ணைத் தவிர.